கடைசிச் சமனாக்கம்

ராகுகாலம் முடிந்துவிட்டது. ஆனாலும் யாரும் தட்டைத் தொடவில்லை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஜமக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, சாமி படத்தைப் பார்ப்பதுபோல வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று சமனாக்கம் வெளியாகும் நாள். அது வெளியாவதற்கு முன்னால் தட்டு மாற்றிக்கொள்கிற அளவுக்கு விவரம் கெட்ட குடும்பம் கலிஸ்டோவில் எதுவும் இல்லை.

வியாழனைச் சுற்றும் ஒரு நிலவில், பனிக்கு அடியில் குடைந்த நகரத்தில், ராகுகாலத்தை எந்தச் சூரியனை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டவர்களுக்கு இதுவரை நல்ல பதில் கிடைத்ததில்லை.

கலிஸ்டோவில் வேலை என்று மனிதர்களுக்கு எதுவும் கிடையாது. பனி வெட்டுவது, காற்றைச் சுத்தம் செய்வது, பாசியிலிருந்து அரிசி மாதிரி ஒன்றைச் செய்வது எல்லாவற்றையும் இயந்திரங்கள் பார்த்துக்கொண்டன. மனிதர்கள் எண்களம் என்ற போர் விளையாட்டை ஆடினார்கள். ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் சிறுவயதிலேயே ஒரு களச்சில்லு பதிக்கப்படும். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினால் போதும், உடம்பு வீட்டில் இருக்க, மனம் போர்க்களத்தில் நிற்கும். அங்கே எட்டுப் பிரிவுகள்: வேலர், வில்லர், வாளர், கேடயர், கவணர், பொறியர், ஒற்றர், மருந்தர். யார் எந்தப் பிரிவு என்பது, காதுக்குப் பின்னால் சில்லு வீசும் ஒளியிலேயே தெரிந்துவிடும். வேலருக்குச் சிவப்பு. கேடயருக்கு மஞ்சள்.

இந்த எட்டுப் பிரிவும் ஒன்றையொன்று ஒரேயடியாக மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்வது துலா என்ற இயந்திரத்தின் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது எல்லாச் சண்டைகளின் முடிவுகளையும் அலசி, ஒரு பிரிவின் ஆயுதத்தைக் கொஞ்சம் கூராக்கும், இன்னொன்றைக் கொஞ்சம் மழுக்கும். அதற்குச் சமனாக்கம் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் பூமியிலிருந்து கொண்டுவந்த 'அப்டேட்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

பெண்ணின் தகப்பனார் மாசிலாமணி வேலர் குடும்பம். அவருக்கு மகள் செவ்வந்தியின் கல்யாணத்தைத் தவிர வேறு கவலை இல்லை. மாப்பிள்ளை எழிலரசு கேடயர் வீட்டுப் பையன். வேலருக்குக் கேடயர் ஒரு படி கீழேதான். இருந்தாலும் அடுத்த படிதான் என்பதால் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

சுவரில் எழுத்துகள் தோன்றின. எல்லாரும் தங்கள் பிரிவை மட்டும் தேடிப் படித்தார்கள்.

வேலரின் எறிதூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எறிந்த வேல் கைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் கூடியிருந்தது. அதோடு விட்டதா என்றால் இல்லை. இனிமேல் கேடயத்தில் பட்ட வேலின் அடியில் பாதி எறிந்தவனுக்கே திரும்பும் என்றும் போட்டிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதற்குக்கூடக் கொஞ்சம் காலம் பிடிக்கும். வேலர் ஒரு நிமிடத்தில் ஆனார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் தவமணி சுவரை இரண்டு முறை படித்தாள். அவளுடைய கை தானாகப் போய்க் காதுக்குப் பின்னால் இருந்த மஞ்சள் ஒளியைத் தொட்டுப் பார்த்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு தங்கமான பொண்ணு. அதுல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் என்னம்மா?"

"அடுத்த அப்டேட் வரட்டுமே. அதுக்குள்ள அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது?"

"போன மாசம் பொண்ணு கேட்டு வந்தப்ப நீங்கதானே அவசரப்படுத்துனீங்க."

"அப்ப வேலரோட நெலம வேற அண்ணே" என்றாள் தவமணி. அதைச் சொல்லும்போது அவளுக்கு உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தது.

எழிலரசு தட்டில் இருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மா எழுந்ததும் எழுந்தான். அவர்கள் கொண்டுவந்த புடவை, பூ, பழம் எல்லாம் வந்த தட்டிலேயே திரும்பிப் போயின. தெரு முழுக்க அதைப் பார்த்தது. பெண் கொடுக்கிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய மூக்கறுப்பு எதுவும் இல்லை.

மாசிலாமணி ஜமக்காளத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அங்கயற்கண்ணி, "போறவங்க போகட்டும், சமைச்சத யாரு சாப்பிடறது?" என்று கேட்டுவிட்டு, பட்டுப்புடவையோடு நின்ற மகளுக்கு இலை போட்டாள்.

செவ்வந்திக்கு எழிலரசு மேல் ஆசை என்று பெரிதாக இருந்ததில்லை. ஆனால் தட்டு திரும்பிப் போனதில் அவளுக்கும் முகம் சிவந்திருந்தது. அப்பா உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்து அதை மறைத்துக்கொண்டாள்.

"தூரம் கொறஞ்சா கொஞ்சம் கிட்ட போய் எறிஞ்சா போச்சு. இதுக்கு ஏம்ப்பா இப்படி இடிஞ்சு போயிட்டீங்க?"

"கிட்ட போறதா? வேலர் கிட்ட போய்ச் சண்ட போட்டு நீ எங்கயாவது பாத்திருக்கியா? அது வாளருங்க பொழப்பு."

அவர் சொன்னதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் கலிஸ்டோவுக்கு முதலில் வந்தவர்கள் அதைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். பூமியை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். யாருடைய குடும்பம் எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்கு யார் உறவு என்ற விவரம் எதையும் கொண்டுவரவில்லை. வந்து இறங்கியதும் ஒரு பானையில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வந்த சீட்டின்படி ஆளுக்கொரு பிரிவைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகக் குலுக்க வேண்டும் என்றுதான் ஏற்பாடு.

முதல் தலைமுறையோடு அது நின்றுபோனது. அப்பன் நல்ல வேல் ஒன்று சம்பாதித்து வைத்திருக்கிறான், மகனுக்கு மருந்தர் சீட்டு வந்தால் அந்த வேல் என்ன ஆவது? 'எங்க பிள்ளைக்கு எங்க பிரிவே இருக்கட்டும்' என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் என்ன தப்பு என்று துலாவும் கொடுத்தது. அப்புறம் எல்லாரும் கேட்டார்கள். ஒரே பிரிவு ஒன்றாகப் பயிற்சி செய்ய வசதியாக இருக்கும் என்று ஒரே தெருவில் குடியேறினார்கள். ஒரே தெருவில் இருந்ததால் அதற்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது.

மறுநாள் மாசிலாமணி குறைகேள் மன்றத்துக்குப் போனார். துலாவோடு பேசுவதற்கான இடம் அது. அங்கே ஒரு நாற்காலியும், எதிரில் குரல் வரும் ஒரு சாளரமும் உண்டு. துலா எப்போதும் பொறுமையாகத்தான் பேசும். எல்லாரிடமும் திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதால்தான் முதலில் வந்தவர்கள் அதற்கு அப்படி ஒரு குரலை வைத்தார்களாம்.

"சொல்லுங்க ஐயா" என்றது துலா.

"எங்கள எதுக்கு இப்படி எறக்கிவிட்ட?"

"போன தடவ வேலர்தான் அதிகம் ஜெயிச்சீங்க. அதனால கொஞ்சம் கொறச்சேன்."

"ஜெயிச்சது எங்க தெறம. அதுக்கு நீ எப்படிக் கொறைக்கலாம்?"

"அதுக்கு முந்தின தடவ தோத்தப்ப, அது என் தப்புன்னு இதே நாற்காலியில உக்காந்து சொன்னீங்க."

"ஆமா. அது உன் தப்புதான்."

துலா சற்று நேரம் பேசாமல் இருந்தது. யோசிக்க அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஒரு மரியாதைக்காக இருந்தது.

"ஐயா, நான் தொடங்கின நாள்லேருந்து ஒவ்வொரு அப்டேட்டுக்கும் எட்டுப் பிரிவும் வந்து திட்டியிருக்காங்க. நான் எறக்கினவங்க ஏன் எறக்கினேன்னு திட்டுவாங்க. ஏத்தினவங்க இது போதாதுன்னு திட்டுவாங்க. தொடாம விட்டவங்க, எங்கள மறந்துட்டியான்னு கேப்பாங்க. உங்களுக்கு உண்மையில என்ன வேணும்?"

"நியாயம் வேணும். எல்லாரும் சமமா இருக்கணும். இன்னிக்கு ஏத்தி நாளைக்கு எறக்கி, எங்க பொண்ணு கல்யாணத்துல வெளையாடக் கூடாது."

"அதுக்கு ஒரு வழி இருக்கு. எட்டுப் பிரிவுலயும் பாதிக்கு மேல ஆளுங்க ஒத்துக்கிட்டா, பிரிவையே எடுத்துடலாம்னு உங்க முன்னோர் எழுதி வெச்சிருக்காங்க. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல."

"இப்ப நான் கேக்கறேன்" என்றார் மாசிலாமணி.

கோபத்தில் சொன்னாரோ என்னவோ, சொன்ன பிறகு அது அவருக்குப் பிடித்துப்போனது. எல்லாரும் ஒன்று என்று ஆகிவிட்டால் எவளும் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது. மகளைத் தலை நிமிர்ந்து கட்டிக்கொடுக்கலாம். அவர் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு நகரமாகப் போனார். சில்லோடு சில்லைத் தொட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். அது எளிதாக இருக்காது என்றும், குறிப்பாக இப்போது மேலே இருப்பவர்கள் விரட்டுவார்கள் என்றும் நினைத்திருந்தார்.

ஒருவரும் விரட்டவில்லை. எட்டுப் பிரிவில் ஏழு, தாங்கள்தான் எல்லாரையும்விட நசுக்கப்பட்டவர்கள் என்று மனதார நம்பின.

"நாலு பேரு சேந்து கல்லு வீசினாத்தான் ஒரு வாளன் விழறான். இது ஒரு பொழப்பா?" என்று கவணர் கேட்டார்கள். வாளர், "கிட்ட போறதுக்குள்ள ஒடம்பு சல்லடையாயிடுது, எங்களுக்குத் தூரமா அடிக்க ஒண்ணும் தரல" என்றார்கள். ஒற்றர் தெருவில் ஒருவர், "நாங்க யார் கண்ணுக்கும் தெரிய மாட்டோம்னு வெச்சிட்டாங்க. அதனால எங்க கஷ்டமும் யார் கண்ணுக்கும் தெரியல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போதுதான் உச்சிக்கு ஏறியிருந்த கேடயர் தெருவில் தவமணியே கதவைத் திறந்தாள். மாசிலாமணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஒப்புதல வாங்கிக்குங்கண்ணே, நல்லா வாங்கிக்குங்க" என்றாள் அவள். "இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கோம். அடுத்த தடவ இதையும் புடுங்கிடுவாங்க. எல்லாரும் சமம்னு ஆயிட்டா அந்த வில்லருங்க கொட்டம் அடங்குமில்ல."

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிராளிக்குச் சகுனத்தடை செய்யும் பழக்கத்தை மனிதர்கள் எத்தனை கோடி மைல் தள்ளிப் போனாலும் விடுவதில்லை. சமம் என்றால் மற்றவர்கள் இறங்கி வருவது என்றுதான் ஒவ்வொருவரும் புரிந்துகொண்டார்கள். ஒப்புதல் மளமளவென்று சேர்ந்தது.

மருந்தர் மட்டும் தங்களைப் பற்றி எதுவும் புலம்பவில்லை. அவர்களைக் கடைசி என்று மற்றவர்கள் வைத்திருந்தார்கள். களத்தில் மருந்தர் பின்வரிசையில் நின்று அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுவார்கள். ஒருவனைக்கூடக் கொல்ல முடியாதவன் என்ன வீரன் என்று பேச்சு. மாசிலாமணி போன வீட்டில் ஒரு பெரியவர் உட்காரச் சொல்லி, ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். தாகமில்லை என்று சொல்லிவிட்டார் மாசிலாமணி. காலையிலிருந்து அலைந்ததில் அவருக்கு நாக்கு வறண்டுபோய்த்தான் இருந்தது. சில்லைத் தொட்டு ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவில் போய்த் தண்ணீர் குடித்தார்.

எல்லாம் சேர்ந்ததும் மறுபடியும் துலாவிடம் போனார். போகும் வழியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது.

"பிரிவ எடுத்தா மட்டும் போதாது. யாரு எந்தப் பிரிவுன்னு வெச்சிருக்கற பதிவையும் அழிச்சிடணும். இல்லேன்னா நாளைக்கு எவனாவது தோண்டி எடுப்பான்."

"என் நினைவிலேருந்துமா?"

"உன் நினைவிலேருந்துதான் மொதல்ல."

"அழிச்சா திரும்ப வராதுங்க ஐயா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மனுஷன மனுஷனாப் பாக்கறதுக்கு எதுக்கு யோசிக்கணும்?" என்றார் மாசிலாமணி. அந்த நேரத்தில் அவர் சொன்னது முழுக்க உண்மை.

கடைசிச் சமனாக்கம் வெளியானது. எல்லாருடைய ஆயுதமும் போய் ஒரே மாதிரி ஒரு கோல் கையில் வந்தது. காதுக்குப் பின்னால் இருந்த ஒளியெல்லாம் வெள்ளையானது. தெருக்களில் பாட்டும் கூத்துமாக இருந்தது. எல்லா நகரத்தாரையும் கலந்து களத்தில் நிறுத்தினார்கள். வேலரும் மருந்தரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சண்டை போட்டார்கள். யார் யார் என்றே தெரியவில்லை. பழைய பிரிவை ஒருவரிடம் கேட்பது அநாகரிகம் என்று குறைகேள் மன்றம் அறிவித்தது. அறிவிப்பை வாசிக்கும் கௌரவத்தை மாசிலாமணிக்கே கொடுத்தார்கள். மாலை போட்டார்கள்.

தவமணி மறுபடியும் தட்டோடு வந்தாள். "இப்பத்தான் எல்லாம் ஒண்ணாயிடுச்சே அண்ணே" என்றாள். செவ்வந்தி உள்ளிருந்தபடியே, "தட்டத் தூக்கிட்டுப் போன வீட்டுக்கு நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மாசிலாமணிக்கும் அதில் ஒரு திருப்தி.

கொண்டாட்டம் கொஞ்ச நாளில் ஓய்ந்தது. காரணம் எளிது. முன்பெல்லாம் தோற்றால் அப்டேட்டைத் திட்டலாம். 'போன தடவ மாதிரி வேல் இருந்திருந்தா அவன ஒரு கை பாத்திருப்பேன்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது எல்லார் கையிலும் ஒரே கோல். தோற்றால், தோற்றதுதான். அது பலருக்குத் தாங்கவில்லை. திறமை இருக்கிறது என்று காலமெல்லாம் நம்பியிருந்த ஆட்கள் களத்திலிருந்து எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மாசிலாமணியும் அடிக்கடி தோற்றார். அதைப் பற்றி வீட்டில் பேச்செடுக்கக் கூடாது என்று அங்கயற்கண்ணி மகளிடம் சொல்லி வைத்தாள்.

அப்போதுதான் இட்லிக் கடைகளில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியது. யாரும் யாரையும் கேட்கவில்லை, ஆனால் அவரவர் தாமாகவே சொன்னார்கள். "இந்தக் கோலெல்லாம் நமக்குச் சரிப்படாதுப்பா. வேல் புடிச்ச கையி இது." ஒருநாள் மாசிலாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே இப்படிச் சொன்ன ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும். கவணர் தெருவில் அவரே நேரில் போய் ஒப்புதல் வாங்கிய ஆள். கல் வீசி வீசித் தோள் இறங்கிப்போனது என்று அழுதவர். இப்போது பரம்பரை வேலர் ஆகிவிட்டார். நேற்றுவரை நான்தான் கீழே என்று அடித்துக்கொண்ட ஊர், பதிவு இல்லை என்று தெரிந்ததும் முழுசாக மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. ஆனால் 'நீ கவணன்தானே' என்று கேட்க முடியாது. அநாகரிகம் என்று வாசித்ததே அவர்தான்.

இந்த நிலையில் செவ்வந்தி ஒரு நாள் வந்து, கலந்த களத்தில் ஒரு பையனைப் பார்த்திருப்பதாகவும் அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள். பெயர் பொழிலன். வடமுனை நகரம். பனிக்கு அடியில் ஓடும் ரயிலில் வர அரை நாள் ஆகும்.

"வடமுனையா? அங்க நமக்கு யாரையும் தெரியாதே" என்றார் மாசிலாமணி.

"அதனாலதாம்ப்பா நல்லது" என்றாள் மகள்.

மறுக்க அவரிடம் காரணம் எதுவும் இல்லை. ஊருக்கே சமத்துவத்தை வாங்கிக் கொடுத்தவர், சொந்த மகள் கேட்கும்போது வாயைத் திறக்க முடியுமா? வரச் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'எந்தக் குடும்பமோ என்னமோ' என்று அங்கயற்கண்ணியிடம் முனகினார். "அதான் கேக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே" என்றாள் அவள். அவளுக்கும் அதே கவலைதான்.

பொழிலனும் அவனுடைய பெற்றோரும் வந்தார்கள். அப்பா பெயர் அருணகிரி. நிதானமான மனிதர். அம்மா அதிகம் பேசவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் காதுக்குப் பின்னாலும் வெள்ளை ஒளி. ரயிலில் கூட்டமா, வடமுனையில் பாசி எப்படி விளைகிறது, காற்று சுத்தமாக இருக்கிறதா என்று பேச்சு ஓடியது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, பையனைப் பிடித்திருக்கிறது. தட்டு நடுவில் இருந்தது. எடுத்து மாற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இரண்டு பக்கமும் கை நீளவில்லை.

செவ்வந்தி காபி கலக்க உள்ளே போனாள். மாசிலாமணி தொண்டையைச் செருமினார்.

"வடமுனைப் பக்கம் களமெல்லாம் எப்படிங்க? பழைய ஆட்டத்துல... நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க? முன்வரிசையா, பின்வரிசையா? சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்."

அருணகிரி அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு அவர் தோளெல்லாம் தளர்ந்து, முகம் மலர்ந்தது.

"நல்லவேள, நீங்களே கேட்டுட்டீங்க. ரயில் ஏறினதுலேருந்து இத எப்படிக் கேக்கறதுன்னுதான் நானும் இவளும் பேசிக்கிட்டே வந்தோம். மாலை வாங்கின மனுஷனாச்சே, கோச்சுக்குவீங்களோன்னு பயம்."

"அட, இதுல என்னங்க இருக்கு. தெரிஞ்சுக்கறதுல தப்பில்லையே."

"தப்பே இல்ல. மொதல்ல நீங்க சொல்லுங்க."

"நாங்க வேலர். மூணு தலமுறையா முன்வரிசை."

அருணகிரி கையை நீட்டி மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்களும் வேலர்தாங்க" என்றார்.

உள்ளே அடுப்படியில், டம்ளர்களை எடுக்க உதவி செய்வதாகச் சொல்லி வந்திருந்த பொழிலனின் முகம் கறுத்துப்போனது. கூடத்துச் சிரிப்பு அங்கேவரை கேட்டது.

"செவ்வந்தி, எங்கப்பா சொல்றது பொய்" என்றான் மெதுவாக. "நாங்க மருந்தர். எனக்கு ஒரு வேலக் கையில எப்படிப் புடிக்கறதுன்னுகூடத் தெரியாது."

"தெரியும்."

"எப்படி?"

"மொத நாளே தெரியும். சண்ட நடுவுல ஒருத்தன் விழுந்தான். நம்ம பக்கமா எதிர்ப் பக்கமான்னுகூடப் பாக்காம நீ ஓடிப்போய் அவன் கையப் புடிச்சுப் பாத்த. கட்டுப் போட ஒண்ணுமில்ல, வெறும் கோலுதான் இருக்கு. அப்பவும் அவன் பக்கத்துலயே உக்காந்திருந்த. நாங்க யாரும் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. அதுக்காகத்தான் உன்ன எனக்குப் புடிச்சுது."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "போய் உண்மையச் சொல்லிடறேன்" என்றான் பிறகு. "பொய் சொல்லிக் கட்டிக்கிட்டா வாழ்நாள் பூரா அது நெஞ்ச அறுக்கும்."

செவ்வந்தி கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா அருணகிரியின் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார். தட்டு திரும்பிப் போன நாளுக்குப் பிறகு அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா கோபப்பட மாட்டார். 'அதனால என்னங்க, எல்லாரும் ஒண்ணுதானே' என்பார். அப்புறம் வடமுனை தூரம் அதிகம் என்பார், காற்று ஒத்துக்காது என்பார், பொண்ணு சின்னப் பொண்ணு என்பார். அவளுக்கு அப்பாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவர்மேல் இருந்த பாசமும் போகவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

"கல்யாணம் ஆகட்டும்" என்றாள். "அப்புறம் நானே சொல்றேன். இப்பச் சொன்னா நீ இன்னிக்கு ராத்திரி ரயில்ல போயிடுவ, அதோட சரி."

அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அவளை இழக்கவும் அவனுக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு பேரும் காபியை எடுத்துக்கொண்டு போனார்கள். அருணகிரி மகனின் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவியின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு, மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். அங்கயற்கண்ணி தட்டிலிருந்த பழங்களை எடுத்து அடுக்கினாள். செவ்வந்தி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா கண்ணி, இன்னிக்குத் தெருவுக்குத் தெரு எவனப் பாத்தாலும் வேலர்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். ஆனா உண்மையான வேலர் எங்க இருந்தாலும் தெரிஞ்சுபோயிடும். அவங்க வாசல்ல வந்து நின்னப்பவே எனக்குத் தெரியும், கேட்டதெல்லாம் சும்மா ஒரு உறுதிக்குத்தான்" என்றார். "அந்தப் பையன் நிக்கற நிமிர்வப் பாத்தியா? முகத்துல அந்தக் களையப் பாத்தியா? ரத்தத்துல ஊறினது, எந்த அப்டேட் போட்டு அழிச்சாலும் போகாது."

"ஆமாங்க, எனக்கும் பாத்தவுடனே பட்டுது" என்றாள் அங்கயற்கண்ணி.